மருத்துவர் கேட்டது எண்களை மட்டும்தான்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. ஏழு நாள் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். நேற்று அவர் அறையில் 152/96 காட்டியது. "ஒரே ஒரு அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. என்னைப் பார்த்ததுமே ஏறுகிறவர்களும் உண்டு" என்றார்.

உண்மையில் நான் அதற்காகப் போகவில்லை. கடைவாய்ப் பல் வலி. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, சொத்தை ஒன்றும் இல்லை, தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறீர்கள், பல் தேய்ந்திருக்கிறது என்றார். இரவில் போட்டுக்கொள்ள ஒரு உறைக்கு அளவெடுத்துக்கொண்டு, "பொது மருத்துவர் ஒருவரையும் பாருங்கள்" என்று அனுப்பிவைத்தார்.

அளப்பதற்கு இத்தனை விதிகள் இருப்பது எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. கை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில். அளக்கும்போது பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அந்த ஐந்து நிமிடம்தான் என்னால் முடியவில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே கை போனைத் தேடிப் போய்விட்டது.

அவர் கொடுத்த தாளில் எண்களுக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. முதல் நாளே நிரம்பிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பின்னணி இவ்வளவுதான்: 12 வருடமாக அச்சகம் நடத்துகிறேன். இரண்டு ஆஃப்செட் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், பைண்டிங் மேஜைகள், 11 பேர். எங்கள் வேலையில் பாதியைத் தரும் வாடிக்கையாளர் தவணை தாண்டி 74 நாளாகப் பணம் தரவில்லை. 30ஆம் தேதி சம்பளம்.

காலை 146/93. மாலை 144/92.

செப்டம்பர் 3, புதன்

3:10க்கு விழிப்பு. அலாரம் வைத்த மாதிரி தினமும் இதே நேரம்தான்.

இதற்குக் காரணம் உடம்பிலேயே இருக்கிறது. இரவின் பின்பாதியில் தூக்கம் மெலிந்துவிடும். விடியலை நோக்கி கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கும், நம்மை எழுப்பத் தயார்செய்வது அதன் வேலைகளில் ஒன்று. அந்த நேரத்தில் லேசாக விழிப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். கவலை இல்லாதவர் புரண்டு படுப்பார், காலையில் நினைவே இருக்காது. நான் கண்ணைத் திறந்ததும் கணக்குப் போட ஆரம்பிக்கிறேன். அச்சுத்தாள் தரும் பேப்பர்காரருக்கு இவ்வளவு, அச்சு பிளேட்டுக்கு இவ்வளவு, சம்பளம், கடன் தவணை. கூட்டி முடிப்பதற்குள் முதல் எண் மறந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

இன்று அப்படிக் கிடந்தபோது போன் மினுங்கியது. ஒரு புது வாடிக்கையாளர் நோட்டீஸுக்கும் அட்டைக்கும் விலை கேட்டிருந்தார். வேலையாவது ஆகட்டும் என்று 3:25க்குப் பதில் போட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

அந்தப் பதிலில் லேமினேஷன் செலவைச் சேர்க்கவே இல்லை. அவர் காலை எட்டு மணிக்கே சம்மதம் சொல்லிவிட்டார். சொல்லாமல் என்ன செய்வார்? அவருக்கு அதிர்ஷ்டம்.

1997இல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற இருவர் எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்தேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று அளந்து காட்டியவர்கள். பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் பிடிப்பார்கள். நான் 5:30க்கு எழுகிறவள். 17 மணி நேரம் என்றால் இரவு 10:30. விலைப்புள்ளிகள் எல்லாம் போடுவது இரவு பதினொரு மணிக்கு மேல், ஏனென்றால் அப்போதுதான் 'அமைதியாக' இருக்கும். இத்தனை வருடமும் தள்ளாடிக்கொண்டேதான் விலை போட்டிருக்கிறேன்.

இன்றிலிருந்து ஒரு விதி. ஒன்பது மணிக்கு மேல் விலை போட்டாலும் அனுப்பக் கூடாது. காலையில் ஒருமுறை படித்துவிட்டு அனுப்ப வேண்டும்.

மதியம் பெரிய மெஷின் மூன்று மணி நேரம் நின்றது. உருளை மாற்றினோம். மை, எண்ணெய், சத்தம், எல்லோரும் ஓட்டம். மாலை அளந்தால் 133/85. நம்ப முடியாமல் இன்னொரு முறை அளந்தேன். 132.

செப்டம்பர் 6, சனி

இந்த வார வேலை நேரத்தைக் கூட்டினேன். 71 மணி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வாரம் 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களை 35 முதல் 40 மணி செய்பவர்களோடு ஒப்பிட்டது. பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல், இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். எங்கள் ஆட்களுக்கு ஓவர்டைம் பதிவேடு வைத்திருக்கிறேன். வரம்பு தாண்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். எனக்குப் பதிவேடு இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

விடுமுறை. எந்த வேலையும் செய்யவில்லை. வீட்டில்தான் இருந்தேன்.

மாலை 149/95. வாரத்திலேயே அதிகம்.

செப்டம்பர் 8, திங்கள்

நாளை தாளைக் கொடுக்க வேண்டுமே என்று ஒரு தந்திரம் செய்தேன். அளப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் மெதுவாக மூச்சு விட்டேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வேலை அது. 144 இருந்தது 134க்கு வந்தது. மகிழ்ச்சியோடு எழுதிவிட்டு, பரீட்சையில் காப்பி அடித்த மாதிரி இருந்ததால் பக்கத்தில் 'மூச்சுக்குப் பிறகு' என்று சேர்த்தேன்.

மூச்சுப் பயிற்சியைக் குறை சொல்ல வரவில்லை. கடுமையான தொலைபேசி அழைப்புக்கு முன் மூன்று நிமிடம் செய்தால் குரல் நடுங்குவது நிற்கிறது. அதுவே பெரிது. ஆனால் வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள், மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், கவலை பறந்துவிடும் என்று காணொளிகளில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்களே, அவர்கள் யாருக்கும் பேப்பர்காரர் போன் செய்வதில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மருத்துவர் முதல் நாள் எண்களை அடித்துவிட்டார். அது பழகுவதற்கான நாளாம். மீதியின் சராசரி 141/90. வீட்டில் அளக்கும்போது 135/85ஐத் தொட்டாலே உயர்வு. ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை நான்கு வாரம் கழித்துப் பேசலாம், அதற்குள் உப்பைக் குறை, நட, தூங்கு என்றார். காபி எத்தனை மணிக்கு என்று கேட்டார். மாலை ஆறுக்குக் கடைசி என்றேன். காஃபின் பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும், பதினொரு மணிக்கு அரை காபியோடு படுக்கிறீர்கள் என்றார்.

கிளம்பும்போது முகத்தை மாற்றிக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். நெஞ்சில் அழுத்தம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் எண் எழுதிக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் வந்தால் அதுவும் அதே அளவு அவசரம், அதற்கும் வர வேண்டும். "தொழில் செய்கிறவர்கள் முதலாவதற்கு வருவார்கள், இரண்டாவதற்கு வர மாட்டார்கள்" என்றார்.

பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "மெஷின் நின்ற அன்றைக்கு 133. சும்மா இருந்த ஞாயிற்றுக்கிழமை 149. வீட்டில் என்ன நடக்கிறது?"

ஒன்றும் இல்லை என்றேன்.

செப்டம்பர் 10, புதன்

ஒன்றும் இல்லாமல் இல்லை.

ஐந்து மாதமாக நான் அச்சகத்திலிருந்து சம்பளம் எடுக்கவில்லை. வீட்டுச் செலவுக்கு என் பங்கை என் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அது இன்னும் இரண்டு மாதம் வரும். என் கணவருக்குத் தெரியாது. அச்சகம் நன்றாகப் போகிறதா என்று கேட்டால் போகிறது என்பேன். மெஷின் நின்றால் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடலாம், ஸ்பேனரை எடுக்கலாம். வீட்டில் நாள் முழுக்க முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எது அதிக வேலை என்று அந்தக் கைப்பட்டைக்குத் தெரிந்திருக்கிறது.

முதலை ஆள்பவர் முதலாளி என்பார்கள். முதல் என்னை ஆண்டுகொண்டிருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

கணக்குப் பார்க்கும் அக்காவைச் சனிக்கிழமை என்றும் பாராமல் வரச் சொன்னேன். மூன்று மணி நேரத்தில் 13 வாரத் தாள் ஒன்று போட்டோம். முறை பழையது, எளியது. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பத்தி. மேலே கையிருப்பு, அதன் கீழே அந்த வாரம் வரும் பணம், அதன் கீழே போகும் பணம், கடைசியில் மிச்சம். அந்த மிச்சம் அடுத்த வாரத்தின் தலையில் ஏறும். மூன்று மாதம் கண்ணுக்குத் தெரிகிற தூரம், அதற்கு மேல் எல்லாம் ஜோசியம் என்பது அக்காவின் கட்சி.

இதில் ஒரு நிபந்தனை. பில்லில் எழுதிய தேதியில் பணம் வரும் என்று போடக் கூடாது. அந்த ஆள் வழக்கமாக எப்போது தருகிறாரோ அந்த வாரத்தில் போட வேண்டும். பெரிய வாடிக்கையாளரின் பாக்கியை எந்த வாரத்தில் போடுவது என்று கேட்டேன். "எந்த வாரத்திலும் போடாதே. வந்தால் வரட்டும்" என்றார் அக்கா. கை நடுங்க அழித்தேன்.

அழித்த பிறகு பார்த்தால், நான் பயந்துகொண்டிருந்த செப்டம்பர் 30 தாண்டிவிடுகிறது. மயிரிழையில்தான், ஆனால் தாண்டுகிறது. பள்ளம் இருப்பது அக்டோபர் மூன்றாம் வாரத்தில். கடன் தவணையும் பேப்பர் பணமும் ஒன்றாக விழுகின்றன. மூன்று வாரமாக இரவில் நான் தவறான தேதிக்குப் பயந்திருக்கிறேன்! சரி, பள்ளம் எங்கே என்று தெரிந்தால் பலகை போடலாம். பேப்பர்காரரிடம் இப்போதே போய் இரண்டு வாரம் தவணை கேட்க வேண்டும். தேதி தாண்டியபின் கேட்டால் அது கெஞ்சல். வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து பில் போடும் என் சோம்பலை விட்டு, சரக்கு வாசலைத் தாண்டும்போதே பில் கையில் இருக்க வேண்டும். இது எங்கள் குறை, வாடிக்கையாளர் குறை இல்லை. புது வேலைகளுக்குப் பாதி முன்பணம்.

தாளை மடிக்கப் போனபோது அக்கா தடுத்தார். "சம்பள வரியில் 11 பேர் இருக்கிறார்கள். நீ எங்கே?"

"நான் அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் அக்கா."

"அப்படியென்றால் இந்தத் தாள் பொய். உன் வேலையை ஓசியில் வாங்கிக்கொண்டுதான் இந்த அச்சகம் ஓடுகிறது. உன் இடத்தில் ஒரு மேனேஜரைப் போட்டால் சம்பளம் கொடுக்க மாட்டாயா? அந்தத் தொகையை எழுது. முழுதும் முடியாவிட்டால் பாதியை எழுது. பூஜ்யம் எழுதாதே."

பாதியை எழுதினேன். அக்டோபர் பள்ளம் இன்னும் ஆழமானது. ஆனால் அதுதான் உண்மையான ஆழம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தாளைக் கணவரிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். கோபம்தான். பணத்துக்காக இல்லை, ஐந்து மாதம் சொல்லாததற்கு. "நீ தூங்காததை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? எனக்கு வேறு என்னென்னவோ பயம்" என்றார்.

அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

மாலை 138/88.

செப்டம்பர் 17, புதன்

பல்லுறை வந்துவிட்டது. போட்டுக்கொண்டு பேசினால் குழந்தை மாதிரி குழறுகிறது. அதனால் படுக்கையிலிருந்து போன் பேசுவது நின்றது, இது எதிர்பாராத லாபம்.

தூக்கத்துக்காக இன்னொரு சோதனை. 2018இல் ஸ்கல்லின் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 57 இளைஞர்களை ஆய்வகத்தில் தூங்கவைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் பாதிப்பேர் முடித்த வேலைகளை எழுத வேண்டும், மீதிப்பேர் இனிச் செய்ய வேண்டியதை எழுத வேண்டும். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுத இன்னும் சீக்கிரம்.

முதல் நாள் 'பணம்' என்று ஒரே சொல் எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, எப்படி வரும்? நேற்று இப்படி எழுதினேன்: 'காலை 10:30, பெரிய வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு அழைக்க வேண்டும். மூன்று தவணையாகத் தர முடியுமா என்று கேட்க வேண்டும். முதல் தவணைத் தேதியை எழுத்தில் வாங்க வேண்டும்.' 3:10க்கு விழித்தேன், ஆனால் நோட்டில் இருக்கிறது என்று நினைத்த ஞாபகம். அப்புறம் 5:30தான்.

10:30க்கு அழைத்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

செப்டம்பர் 20, சனி

நடை: வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான் 40. விடிகாலை எழுந்து நடப்பேன் என்று மூன்று நாள் எனக்கு நானே பொய் சொன்னேன். இனி ப்ரூஃப் (வாடிக்கையாளர் சரிபார்க்கும் மாதிரித் தாள்) கொண்டுபோவது, திரும்ப வாங்குவது எல்லாம் நடந்துதான். ஆள் அனுப்புவதில்லை.

நான் வெளியே போயிருந்த நேரத்தில் மெஷின்மேன் அண்ணன் ஒரு வேலையின் வரிசையை அவராகவே மாற்றிவிட்டார். நான் இருந்திருந்தால் அப்படி மாற்றியிருக்க மாட்டேன். சரக்கு நேரத்துக்குப் போய்விட்டது, யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு மட்டும் அரை நாள் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நான் இல்லாமல் நடக்கவில்லை என்று புலம்புகிறவளுக்கு, நடந்துவிட்டாலும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

முதல் தவணை வந்தது. கூடவே அவர்களிடமிருந்து ஒரு புது வேலையும், பெரியது, வழக்கம்போல் கடனில். பாதி முன்பணம் இல்லாமல் எடுக்க முடியாது என்றேன். மூன்று நிமிடம் மூச்சு விட்ட பிறகுதான் சொன்னேன். வேலை வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது.

சரியாகத்தான் செய்தேன் என்று தாள் சொல்கிறது. வயிறு வேறு சொல்கிறது. மாலை 143/90.

செப்டம்பர் 30, செவ்வாய்

சம்பளம் போட்டாயிற்று. 12 பேர். பன்னிரண்டாவது பெயரை அக்காதான் எழுதினார், நான் மறுபடியும் அழித்துவிடுவேன் என்று.

அக்டோபர் 7, செவ்வாய்

மறுபடியும் ஏழு நாள் அளந்த தாள். சராசரி 134/86. மேல் எண் ஒரு புள்ளியில் தப்பியது, கீழ் எண் தப்பவில்லை. மருத்துவர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம், அதற்குள் இறங்காவிட்டால் மாத்திரை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். முன்பென்றால் தோற்றுவிட்டதாக நினைத்திருப்பேன். இப்போது அதையும் எழுதிவைத்துக்கொண்டேன், டிசம்பர் முதல் வாரம் என்று.

பேப்பர்காரர் இரண்டு வாரம் கொடுத்தார். முன்னாடியே கேட்டதால் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 9, வியாழன்

அளக்கும் கருவியை அச்சகத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். மதிய இடைவேளையில் பைண்டிங் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். எல்லோருக்கும் பரவாயில்லை. கடைசியில் கேலி செய்துகொண்டே மெஷின்மேன் அண்ணன் வந்தார். கைப்பட்டை இறுகும்போதும் பேசிக்கொண்டேயிருந்தார். 168/102.

அவர் முகம் மாறியது. "மெஷின் பழுதும்மா" என்றார்.

"ஒரே ஒரு அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது அண்ணே. காலைக் கீழே வையுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், மறுபடியும் அளக்கலாம். எப்படி இருந்தாலும் சாயங்காலம் நாம் இரண்டு பேரும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்."

"சாயங்காலம் அந்த நாலு கலர் வேலை இருக்கே?"

"நாளைக்கு ஓட்டலாம்."

"சரி. ஆனால் ஐந்து நிமிடம் பேசாமலா?" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் அவர் கை சட்டைப் பைக்குப் போனது, போனைத் தேடி.